சட்டைப் பைக்குள் போன சாவியும், அதற்குப் பின் வாங்கிய மூன்று சாமான்களும்

சாவி என் வீட்டுக்காரரின் சட்டைப் பையில் இருந்தது. சட்டை வாஷிங் மெஷினுக்குள் அழுக்குத் துணிகளோடு கிடந்தது. இது எங்களுக்குத் தெரியவந்தபோது மார்கழி மாத ராத்திரி மணி இரண்டரை. ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் கருகி ஹால் முழுக்கப் புகை.

திருவானைக்காவலில் இரண்டாவது மாடி ஃபிளாட் எங்களுடையது. நான், அவர், எண்பதை நெருங்கும் என் அத்தை என்று மூன்று பேர். மரக்கதவுக்கு வெளியே கிரில் கேட். ராத்திரி படுக்கப் போகும்முன் கேட்டுக்கு உள்பக்கமாகக் கொண்டி போட்டு, மாமனார் காலத்துத் திண்டுக்கல் பூட்டைத் தொங்கவிடுவோம். நாற்பது வருஷப் பூட்டு. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே 2019-இல்தான். எங்கள் வீட்டில் அதற்கு முன்பே அந்த மரியாதை உண்டு. பூட்டின் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அது செய்ய வேண்டிய வேலையை அன்றைக்கும் சரியாகவே செய்தது, யாரையும் விடவில்லை. எங்களையும்தான்.

டிவி ஸ்டாண்டில் பார்த்தேன், சாமி மாடத்தில் பார்த்தேன், ஃபிரிட்ஜ் மேலே தடவப் போய்ச் சூடு பட்டுக் கையை எடுத்தேன். மெயின் ஸ்விட்சை அவர் அணைத்துவிட்டதால் ஒரே இருட்டு. செல்போன் வெளிச்சத்தில் புகைதான் வெள்ளையாகத் தெரிந்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை. எதிர்வீட்டு அக்கா சத்தம் கேட்டு ஓடிவந்து கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, "பூட்டைத் திறங்க, பூட்டைத் திறங்க" என்று கத்துகிறார். பூட்டு உள்ளே. அவரால் என்ன செய்ய முடியும்? அத்தைக்குப் பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "ஏர்வாடி மாதிரி ஆயிடும்போல இருக்கேம்மா" என்றார். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் செத்துப்போனதை அந்தப் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள். எனக்கு முதுகு சில்லிட்டது.

நல்ல வேளை, ஸ்டெபிலைசரோடு போயிற்று, தீ பரவவில்லை. பால்கனி ஜன்னல்களைத் திறந்து புகையை விரட்டினோம். சாவி கிடைத்தது விடிந்த பிறகு, ஒரு லுங்கிக்கும் இரண்டு துண்டுக்கும் அடியில்.

அடுத்த இரண்டு மாதத்தில் நான் வாங்கியவை மூன்று சாமான்கள். முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள், மார்க் போடாமல் பேச வராது. அதனால் போட்டே எழுதுகிறேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், அதே அமைப்பில் பல பேர் விற்கிறார்கள்.

முதலில் வாங்கியது நம்பர் லாக் போட்ட சாவிப் பெட்டி. ஆன்லைனில் 1,150 ரூபாய். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய உலோகப் பெட்டி, சுவரில் நான்கு ஸ்க்ரூ போட்டு மாட்டுவது. நான்கு எண் உருளைகள், அதற்கு மேல் மழை படாமல் ஒரு ரப்பர் மூடி. உள்ளே ஐந்து சாவி தாராளமாகக் கொள்ளும். வாங்கிய ஜோரில் ஹாலில் கேட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். சாவி எப்போதும் ஒரே இடத்தில், பூட்டிய பெட்டியில், திருடனுக்கும் கிடைக்காது, வீட்டுக்காரர் பைக்கும் போகாது என்று கணக்குப் போட்டேன்.

ஒரு ராத்திரி விளக்கெல்லாம் அணைத்துவிட்டு அத்தையிடம் திறக்கச் சொன்னேன். நம்பர் அவருடைய கல்யாண வருஷம், மறக்கவே முடியாதது. கண்ணாடி இல்லாமல் உருளை தெரியவில்லை. கண்ணாடியைத் தேடினோம். கண்ணாடி கிடைத்ததும் டார்ச்சைத் தேடினோம். பெட்டி திறந்து, சாவி எடுத்து, பூட்டில் நுழைத்து முடிப்பதற்குள் இரண்டு நிமிடம் தாண்டிவிட்டது. அதுவும் புகை இல்லாமல், பதற்றம் இல்லாமல், இடையில் நான் சிரித்துக்கொண்டிருந்தபோது. எனக்கே கடைசி எண்ணில் விரல் தடுமாறியது. நெருப்பிலிருந்து தப்பிக்க வேண்டிய சாவியை எண் போட்டுப் பூட்டி வைப்பது முட்டாள்தனம் என்று அன்றைக்குப் புரிந்தது. வீட்டுக்குள் வைக்க இந்தப் பெட்டிக்கு என் மார்க் பத்துக்கு 1. அந்த ஒன்றும் பெயின்ட் நன்றாக இருந்ததற்கு.

ஆனால் பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. கழற்றி வெளியே, படிக்கட்டு வராண்டாவில் எங்கள் மீட்டர் பாக்ஸுக்கு உள்பக்கச் சுவரில் மாட்டினேன். அங்கே அது வேறு ஆளாகிவிட்டது. இதற்கு முன் எங்கள் ஸ்பேர் சாவி எங்கே இருந்தது தெரியுமா? பால் பாக்கெட் போடும் பைக்குள். அதற்கு முன் துளசித் தொட்டிக்கு அடியில். நிலைப்படி மேல் கட்டை, கால்மிதி, ஷூவுக்குள்ளே, மீட்டர் மேலே... இந்த ஊரில் சாவி ஒளித்து வைக்கும் இடங்கள் மொத்தமே ஏழெட்டுதான். நமக்குத் தெரிந்தது திருட வருகிறவனுக்குத் தெரியாதா? இப்போது நாங்கள் இருவரும் வெளியூர் போய், அத்தை தனியாக இருக்கும் நாட்களில் அவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தால்கூட எதிர்வீட்டு அக்காவுக்கு நம்பர் தெரியும், திறந்து வந்துவிடலாம். ஒன்று மட்டும்: பகலில் தனியாக இருக்கும்போது அத்தை உள்தாழ்ப்பாள் போடக் கூடாது. தாழ்ப்பாள் போட்டுவிட்டால் வெளியில் எத்தனை சாவி இருந்தும் பிரயோஜனமில்லை. அவரைச் சம்மதிக்க வைக்க ஒரு வாரம் பிடித்தது.

பெட்டியின் குறைகளையும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் உருளைகள் இறுகுகின்றன. இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டால் சரியாகிறது. அப்புறம், மூடிய பிறகு ஒரே ஒரு எண்ணை மட்டும் நகர்த்திவிட்டுப் போகிற பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது, எங்கள் வீட்டில் தாராளமாக. நான்கையும் கலைத்துவிட வேண்டும். நான்கு எண் என்றால் பத்தாயிரம் சேர்க்கை. ஒன்றை மட்டும் நகர்த்திவிட்டுப் போனால் மூன்று எண் சரியாகவே நிற்கும், எது மாறியது என்று தெரியாதவனுக்குக்கூட முப்பத்தாறு முயற்சி போதும். கணக்கு டீச்சர் வீட்டிலேயே இப்படி. விலை மலிவான பெட்டிகளில், கதவை இழுத்துப் பிடித்தபடி உருளையைத் திருப்பினால் சரியான எண்ணில் லேசாகச் சிக்குவது விரலுக்குத் தெரியும். என் பெட்டியில் இரண்டு எண்களை நானே அப்படிக் கண்டுபிடித்தேன். அதனால்தான் கண்ணில் படாத உள்சுவரில் மாட்டினேன். அதில் வீட்டு நம்பர் எழுதிய டேக் போடாமல் வெறும் சாவிதான் வைத்திருக்கிறேன். போன மாதம் பெயின்ட் வேலை முடிந்ததும் நம்பரை மாற்றினேன். வெளியே வைக்க, பத்துக்கு 6.

இரண்டாவது சாமான்தான் விஷயமே. உள்ளே திருகு, வெளியே சாவி என்று இருக்கும் கிரில் கேட் பூட்டு. உள்ளேயிருந்து திறக்கச் சாவியே வேண்டாம், ஒரு குமிழைத் திருகினால் போதும். காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில் 1,650 ரூபாய். கடைக்காரர் முதலில் இரண்டு பக்கமும் சாவி போடுகிற மாடலைத்தான் எடுத்து வைத்தார். "அதுதாம்மா சேஃப்டி, கண்ணாடி உடைச்சிக் கைய விட்டாலும் திறக்க முடியாது" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் எனக்கு அந்த நாள் ராத்திரி ஞாபகத்தில் இருந்தது. உள்ளே இருப்பவன் திறக்க முடியாத பூட்டு திருடனுக்கு மட்டுமா பூட்டு? தவிர, இரண்டு பக்கச் சாவி மாடல்கள் பலவற்றில் உள்ளே சாவியைச் சொருகிவிட்டு மறந்தால் வெளிச் சாவி நுழையாது. அத்தை தனியாக இருக்கும் வீட்டில் அதுவும் ஆகாது.

இங்கேதான் ஒரு பெரிய சிக்கல் வந்தது, யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மரக்கதவில் உள்குமிழ் இருந்தால் வெளியே இருப்பவனுக்கு எட்டாது. கிரில் கேட்டில் கம்பிக்கு இடையே கையை விட்டால் எட்டும்! பூட்டை மாட்டிவிட்டு வராண்டாவில் நின்று நானே கையை விட்டுத் திருகிப் பார்த்தேன், திறந்துகொண்டது. பக்கத்து வெல்டிங் பட்டறைத் தம்பி எட்டு அங்குலத் தகடு ஒன்றைப் பூட்டைச் சுற்றி வைத்துப் பற்றவைத்தார். அடுத்த கம்பி வழியாகக் கையை வளைத்தால் விரல் நுனி குமிழில் பட்டது. மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை ஒன்றரை அடித் தகடு, அதற்கு மேல் கேட்டின் மிச்சப் பகுதிக்கு விரல் நுழையாத கம்பி வலை. தம்பி, "அம்மா, ஜெயில் மாதிரி ஆயிடுச்சே" என்றார். திறக்கிற குமிழ் நம் பக்கம் இருக்கிற ஜெயில், பரவாயில்லை. இரண்டு தடவைக்குமாக 2,400 ரூபாய் ஆயிற்று, பூட்டை விட அதிகம். திட்டமிட்டுச் செய்திருந்தால் பாதியில் முடிந்திருக்கும். இதை வாங்குகிறவர்கள் முதலில் கேட்டின் கம்பி இடைவெளியைப் பாருங்கள், அப்புறம் கடைக்குப் போங்கள்.

இன்னொரு குறை, குமிழ் ஒரு ரூபாய்க் காசு அளவுதான். அத்தையின் மூட்டு வலிக் கைக்கு வழுக்கியது. கடையிலேயே பெரிய காது வைத்த குமிழ் 90 ரூபாய்க்குக் கிடைத்தது, மாற்றிக்கொண்டேன். இப்போது விளக்கில்லாமல், கண்ணாடியில்லாமல், படுக்கையிலிருந்து எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே வந்து அத்தையே திறந்துவிடுகிறார். நடக்கும் நேரத்தை விட்டுவிட்டால் திறக்க ஐந்து விநாடி. பத்துக்கு 9. ஒரு மார்க் அந்தச் சின்னக் குமிழுக்காகக் குறைத்தேன்.

மூன்றாவது, நாற்பது ரூபாய்க் கொக்கி. சிரிக்காதீர்கள். பால்கனி கிரில்லில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறப்பு வைத்திருக்கிறோம், அதற்கு இன்னும் சின்னப் பூட்டும் சாவியும் உண்டு. படிக்கட்டுப் பக்கம் புகையாக இருந்தால் பால்கனியில் நின்று ஆளைக் கூப்பிடவும், தீயணைப்பு வீரர்கள் ஏணி போட்டால் இறங்கவும் அந்தத் திறப்புதான் வழி. அந்தச் சாவியும், மரக்கதவுச் சாவிக்கொத்தும் இந்தக் கொக்கிகளில் தொங்குகின்றன.

எந்த உயரத்தில் மாட்டுவது என்பதில் எங்களுக்குள் ஒரு சண்டை. அவர் தன் கண் உயரத்தில் மாட்டச் சொன்னார். புகை மேலேதான் முதலில் சேரும், கீழே குனிந்தோ தவழ்ந்தோதான் வெளியேற வேண்டும் என்பது தெரிந்ததுதானே. ஐந்தரை அடியில் சாவியைத் தொங்கவிட்டால் அந்தப் புகைக்குள் தலையை நீட்டித்தான் எடுக்க வேண்டும். இடுப்பு உயரத்தில், சுமார் மூன்றடியில் அடித்தோம். பேத்தி லீவுக்கு வந்தால் அவளுக்கும் எட்டும். வெளியிலிருந்து எட்டக் கூடாது, பார்க்கவும் முடியக் கூடாது என்பதற்காக ஜன்னலில் நின்று எல்லாப் பக்கமும் எட்டிப் பார்த்தேன். ஜன்னல் வழியாகக் கம்பு விட்டு ஆணியில் தொங்கும் சட்டை, பேன்ட்டைத் தூக்கிப்போகும் கதை நம்மூரில் புதிதில்லை. ஒட்டடைக் குச்சி நீளத்துக்கு எட்டினால் சாவியும் போகும். ஒட்டடைக் குச்சியை வெளியிலிருந்து விட்டே பார்த்தோம். எதிர்வீட்டு அக்கா, "என்ன டீச்சர், சொந்த வீட்லயே திருட்டா?" என்றார். கதவுக்கும் ஷூ ஸ்டாண்டுக்கும் நடுவில் இருந்த ஒரு முழச் சுவர்தான் தேறியது. கொக்கிக்குப் பத்துக்குப் பத்து.

மூன்றாம் மாடிக்காரர் விரல் ரேகை வைத்துத் திறக்கும் டிஜிட்டல் பூட்டு போட்டிருக்கிறார். விலை பதினாறாயிரம் என்றார். உள்ளேயிருந்து கைப்பிடியை அழுத்தினாலே திறக்கிறது, பேட்டரி இல்லாவிட்டாலும். அது நல்லது. நான் சொந்தமாகப் பயன்படுத்தவில்லை, மார்க் போட மாட்டேன்.

101, 112 இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொக்கிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். தீயில் வெளியே ஓடினால் கதவைப் பின்னால் சாத்திவிட வேண்டும், பூட்டக் கூடாது என்றும் அதன் கீழே எழுதினேன். சாத்தினால் புகை படிக்கட்டுக்கு வருவது குறையும். பூட்டினால் உதவிக்கு வருகிறவர்கள் உடைக்க வேண்டியிருக்கும்.

திண்டுக்கல் பூட்டு இப்போது பரணில் பித்தளைப் பாத்திரப் பெட்டிக்கு. நேற்று ராத்திரி கொக்கியைப் பார்த்தேன், பால்கனிச் சாவி இருந்த இடத்தில் குடை தொங்கியது. சாவி எங்கே என்று கேட்டேன். அவர் சட்டைப் பையைத் தடவினார்.