நேரலையா, தீர்ப்பு நகலா?

உச்ச நீதிமன்றத்தில் என்ன நடக்கிறது என்று நேரடியாகத் தெரிந்துகொள்ள இன்று நமக்கு இரண்டு வழி. யூடியூபில் விசாரணையை நேரலையாகப் பார்க்கலாம், இல்லையென்றால் தீர்ப்பு வந்ததும் பிடிஎஃப்பை இறக்கிப் படிக்கலாம். (டிவியில் ஓடும் ஃபிளாஷ் நியூஸை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.) நேரலையில் ஆரம்பித்து இப்போது தீர்ப்புப் பக்கம் வந்துவிட்ட ஆள் நான், அதனால் தராசு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

நேரலையின் பெருமையை முதலில் சொல்லிவிடலாம். 2018-லேயே ஒளிபரப்பலாம் என்று தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2022 செப்டம்பர் 27 அன்றுதான் அரசியல் சாசன அமர்வுகளை (ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நீதிபதிகள் சேர்ந்து கேட்பவை) காட்டத் தொடங்கியது. பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான 10 சதவீத ஒதுக்கீடு வழக்கின் கடைசிக் கட்ட வாதம் அன்று ஓடியது. எந்த நீதிபதி பொறுமையாகக் கேட்கிறார், எவர் வக்கீலை முழு வாக்கியம் பேசவிடாமல் குறுக்கிடுகிறார் என்பதெல்லாம் எந்தத் தீர்ப்பிலும் அச்சாகாது. பார்க்கவும் சுவாரசியம். ஆனால் ஒரு வழக்குக்கு நாள் கணக்கில் உட்கார வேண்டும், 370-வது பிரிவு வழக்கில் வாதம் மட்டுமே 16 நாள்.

நேரம்கூடப் பெரிய விஷயமில்லை. நீதிபதி வாயால் சொல்வது தீர்ப்பு ஆகாது, என்னை மாற்றியது அதுதான். 2023 ஏப்ரல், மே மாதங்களில் தன்பாலினத் திருமண வழக்கு நடந்தபோது தலைமை நீதிபதி சந்திரசூட் கேட்ட கேள்விகளை வைத்து, மனுதாரர்கள் ஜெயித்துவிட்டார்கள் என்றே பலர் எழுதினார்கள். அக்டோபர் 17 அன்று தீர்ப்பு வந்தது. திருமணம் செய்வது அடிப்படை உரிமை அல்ல என்பதில் அமர்வின் ஐந்து நீதிபதிகளும் ஒன்று. அத்தகைய இணைகளுக்குச் சட்ட அங்கீகாரம் தரலாமா என்பதில் 3-க்கு 2, தலைமை நீதிபதியும் நீதிபதி கவுலும் சிறுபான்மை! நேரலையில் அதிகம் பேசப்பட்ட குரல் தோற்ற பக்கம் நின்றது. ஏன் தோற்றது என்பது நான்கு தனித்தனித் தீர்ப்புகளையும் புரட்டினால்தான் பிடிபடும், பெரும்பான்மைப் பக்கத்து நீதிபதி ரவீந்திர பட் எழுதியதை மட்டுமாவது.

நம்மூர் உதாரணமும் இருக்கிறது. 2021 ஏப்ரலில், கொரோனா இரண்டாம் அலைக்கு நடுவே, பிரசாரக் கூட்டங்களைக் கட்டுப்படுத்தவில்லை என்று தேர்தல் ஆணைய அதிகாரிகள் மீது கொலை வழக்கே போடலாம் என்கிற ரீதியில் சென்னை உயர் நீதிமன்றம் பேசியது எல்லா ஊடகங்களிலும் வந்தது. உத்தரவில் அந்த வரி இல்லை. ஆணையம் உச்ச நீதிமன்றம் போனபோது கிடைத்த பதிலும் அதுதான்: வாய்மொழியாகச் சொன்னது உத்தரவின் பகுதியே இல்லை, இல்லாததை எப்படி நீக்குவது? ஆனால் ஊடகங்கள் அதை வெளியிடத் தடை விதிக்கவும் முடியாது என்று சொல்லிவிட்டது.

தீர்ப்பையும் அரைகுறையாகப் படித்தால் ஆபத்துதான். மசோதாக்களுக்கு ஒப்புதல் தர ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது என்று குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 20 அன்று தந்த கருத்துரையை, ஆளுநரைக் கேள்வியே கேட்க முடியாது என்று சுருக்கிவிட்டார்கள். காரணம் சொல்லாமல் நீண்ட காலம் இழுத்தடித்தால் நீதிமன்றம் ஓர் எல்லைக்குள் தலையிடலாம் என்பதும் அதே உரையில்தான் இருக்கிறது. அதனால் நான் கடைசிப் பக்கங்களில் இருக்கும் முடிவை முதலில் படிப்பேன், அடுத்து யார் யாரோடு சேர்ந்தார் என்று பார்ப்பேன், அப்புறம்தான் காரணங்கள். நூற்றுக்கணக்கான பக்கம், கனமான ஆங்கிலம் என்பது உண்மையான தொல்லை. தமிழ் மொழிபெயர்ப்பு சில தீர்ப்புகளுக்குக் கிடைக்கிறது, புரிந்துகொள்ள உதவும், மேற்கோள் காட்ட மூலம்தான் வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும், நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் அரசியல் சாசன வழக்குகள். சொந்த வழக்கு உயர் நீதிமன்றத்தில் இருப்பவருக்கு, அடுத்த வாய்தாவில் நீதிபதி என்ன கேட்டார் என்பதே பெரிய தகவல், அவருக்கு நேரலை கிடைத்தால் விடக்கூடாது என்றுதான் தோன்றுகிறது. இரண்டுக்கும் நடுவில், 2023 பிப்ரவரியில் இருந்து அரசியல் சாசன அமர்வு வாதங்கள் எழுத்து வடிவிலும் வருகின்றன. அதை நான் அவ்வளவாகப் பயன்படுத்தியதில்லை. ஆனால் குறிப்பிட்ட ஒரு கேள்வியைத் தேடிப் பிடிக்க, மணிக்கணக்கில் வீடியோவை ஓட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.