சாலைச் சத்தம்: மதிலை உயர்த்துவதா, ஜன்னலை மாற்றுவதா?

பைபாஸ் ஓரம் வீடு வைத்திருப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது. முதலில் இரவில் அளந்து பாருங்கள். போன் ஆப் அவ்வளவு துல்லியமில்லை; ஆனாலும் ஜன்னல் திறந்திருக்கும்போதும் மூடியபிறகும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிடும். குடியிருப்புப் பகுதிக்கு மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45.

பலன்
மதில்: லாரியின் டயரும் இன்ஜினும் கண்ணுக்கு மறைந்தால் சுமார் 5 டெசிபல் குறையும். மாடி அறைக்கு ஒன்றும் கிடைக்காது. கேட்டின் சந்து வழியாகவும் சத்தம் வரும்.
ஜன்னல்: எந்த மாடியானாலும் வேலை செய்யும். லேமினேட்டட் கண்ணாடி (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி) போட்டு, ஓரத்தில் சந்தை அடைக்கும் ரப்பர் பீடிங் வைத்து, கதவு மாதிரி திறக்கும் வகையாகப் பாருங்கள். ஸ்லைடிங் வேண்டவே வேண்டாம்; ஜன்னல் நகரும் தடத்துக்கு மேலே விரல்நுனி அளவு இடைவெளி இருந்தாலும் கண்ணாடிக்குக் கொடுத்த காசு வீண்.

செலவு
மதில்: நீளத்துக்கு ஏற்ப ஏறும். பழைய அஸ்திவாரம் தாங்குமா என்று கொத்தனார் பார்த்தாக வேண்டும்.
ஜன்னல்: படுக்கையறைக்கு மட்டும் போட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

வசதி
மதில்: முற்றத்தில் உட்கார்ந்தாலும் பலன் உண்டு.
ஜன்னல்: மூடினால்தான் அமைதி. மே மாதத்தில் ஏசி இல்லாமல் முடியாது.

(ஒரு வரிசை அசோகமரம் நட்டால் போதும் என்பார்கள். பச்சையாக இருக்கும், அவ்வளவுதான்.)

தரைத்தள வீடு, வாசலில் புழங்குபவர்கள் என்றால் மதில். மாடிவீடு, வாடகைவீடு, தூக்கம்தான் பிரச்சினை என்றால் ஜன்னல். வாடகைக்காரர்கள் வீட்டு உரிமையாளரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.