ஐஸ்கஸி ஸ்டோரேஜுக்கு எல்ஏசிபியா, மல்டிபாத்தா?

ஐஸ்கஸி என்பது நெட்வொர்க் வழியாக டிஸ்க்கைக் கொடுக்கும் முறை. ஈஎஸ்எக்ஸ்ஐ (விர்ச்சுவல் மெஷின்களை இயக்கும் விஎம்வேர் மென்பொருள்) சர்வரில் ஸ்டோரேஜுக்கென்று இரண்டு 10 ஜிகாபிட் போர்ட் இருந்தால், எல்ஏசிபியில் (பல கேபிள்களை ஒரே லிங்காகச் சேர்க்கும் முறை) கட்டி 20 ஜிகாபிட் ஆக்கிவிடலாம் என்று தோன்றும். ஆகாது. எல்ஏசிபி முகவரிகளை ஹாஷ் செய்து, ஒரு டிசிபி இணைப்பை முழுக்க ஒரே கேபிளில்தான் அனுப்பும். டார்கெட்டுக்கு, அதாவது ஸ்டோரேஜ் முனைக்கு, ஒரே செஷன் என்றால் மற்ற கேபிள் சும்மா கிடக்கும்.

வேகத்தை விடுங்கள், பழுதைக் கண்டுபிடிப்பதில்தான் உண்மையான வித்தியாசம். எல்ஏசிபிக்குத் தெரிவது அடுத்த ஸ்விட்ச் வரைதான். அதற்கப்பால் ஸ்டோரேஜ் பக்கம் கேபிள் போனாலும் இங்கே லிங்க் பச்சையாகவே எரியும். ஸ்டோரேஜுக்குப் பல பாதைகளை வைக்கும் மல்டிபாத்தோ ஒவ்வொரு பாதையிலும் தனி செஷன் வைத்து, 15 விநாடிக்கு ஒருமுறை நோ-ஆப் என்ற சோதனைச் செய்தியை அனுப்புகிறது. 10 விநாடிக்குள் பதில் இல்லையென்றால் செஷனை மீட்கப் பார்த்து, முடியாவிட்டால் மாற்றுப் பாதைக்குப் போகிறது. இவை ஈஎஸ்எக்ஸ்ஐயின் இயல்பு மதிப்புகள். எல்ஏசிபியை இரண்டு ஸ்விட்சுகளில் பிரிக்க அவை எம்லாக் (இரண்டும் ஒரே ஸ்விட்ச் போல நடிக்கும் வசதி) தெரிந்தவையாக வேண்டும், ஈஎஸ்எக்ஸ்ஐயில் டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்சும் (பல சர்வருக்கும் பொதுவான விர்ச்சுவல் ஸ்விட்ச்) வேண்டும். மல்டிபாத்துக்கு ஒன்றோடொன்று பேசாத இரண்டு சாதாரண ஸ்விட்ச் போதும்.

மல்டிபாத்திலும் இரு வழி உண்டு. எல்லா டார்கெட் போர்ட்டும் ஒரே சப்நெட்டில் இருந்தால் போர்ட் பைண்டிங், அதாவது ஐஸ்கஸியைக் குறிப்பிட்ட விஎம்கர்னல் போர்ட்டுகளோடு (ஈஎஸ்எக்ஸ்ஐயின் சொந்த ஐபி உள்ள விர்ச்சுவல் போர்ட்டுகள்) கட்டுவது. அப்போது ஒவ்வொரு விஎம்கர்னல் போர்ட்டுக்கும் ஒரே ஒரு ஆக்டிவ் என்ஐசி (நெட்வொர்க் கார்டு). மற்றதை ஸ்டாண்ட்பையில் அல்ல, அன்யூஸ்டில் வைக்க வேண்டும். இல்லையென்றால் பைண்ட் செய்யவே விடாது. பாதைக்கொரு சப்நெட் என்றால் பைண்டிங் வேண்டாம். அங்கேயும் பைண்ட் செய்தால் ஒவ்வொரு போர்ட்டும் தனக்கு எட்டாத டார்கெட்டையும் தட்டிப் பார்க்கும். ரீஸ்கேனும் சர்வர் பூட் ஆவதும் பல நிமிடம் இழுக்கும். புதிதாக அமைப்பதானால் இரண்டு சப்நெட்டே நல்லது. பழுது எந்தப் பக்கம் என்பது ஐபியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பாதைகளை முறைவைத்துப் பயன்படுத்தும் ரவுண்ட் ராபின், இயல்பாக 1000 ஐஓவுக்கு (படிக்கும், எழுதும் கோரிக்கைகள்) ஒருமுறைதான் பாதை மாற்றும். ஸ்டோரேஜ் நிறுவனம் பரிந்துரைத்தால் அதை 1 ஆக்குங்கள். லன்னுக்கு லன் (ஸ்டோரேஜ் தரும் ஒவ்வொரு டிஸ்க்கும் ஒரு லன்) மாற்றாமல், எல்லாவற்றுக்கும் பொதுவான கிளெய்ம் ரூலாகப் போடுங்கள், இல்லாவிட்டால் நாளை சேர்க்கும் லன் பழைய மதிப்போடு வந்து நிற்கும். எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 9000 வைத்திருந்தால், துண்டாக்கத் தடை போட்டு 8972 பைட் பிங் ஒவ்வொரு விஎம்கர்னல் போர்ட்டிலிருந்தும் போகிறதா பாருங்கள். நடுவில் ஒரு ஸ்விட்ச் 1500இல் நின்றால் லாகின் ஆகும், பெரிய ரீட் வந்ததும் தொங்கும்.

எல்ஏசிபிக்கு இடமே இல்லையா? டிஸ்க்குக்குப் பதில் கோப்புகளாக ஸ்டோரேஜ் தரும் என்எஃப்எஸ் 3க்கு உண்டு. அதற்கு மல்டிபாத் கிடையாது என்பதால் மாற்று வழி டீமிங்கில்தான் (என்ஐசிகளைச் சேர்த்துக் கட்டுவது).

எதை அமைத்தாலும், கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பது எளிய சோதனை. அதில் இரண்டுமே தேறும். ஸ்விட்சில் ஸ்டோரேஜ் பக்கப் போர்ட்டிலிருந்து விலேனை (நெட்வொர்க்கைப் பிரிக்கும் அமைப்பு) எடுத்துப் பாருங்கள். லிங்க் அப்படியே இருக்கும், போக்குவரத்து மட்டும் நிற்கும். மல்டிபாத் இதைக் கண்டுபிடித்துப் பாதை மாற்றும், எல்ஏசிபிக்குத் தெரியாது.