அத்தைக்கு ஒரு மெட்டாநெஃப்ரின் டெஸ்ட்: திருச்சி அனுபவம்

இந்த முறை விடுமுறையில் பாதி லேபிலும் ஆஸ்பத்திரியிலும்தான் போயிற்று. அத்தைக்குத் திடீர் திடீரென்று பிரஷர் ஏறுகிறது. கூடவே மண்டையைப் பிளக்கும் தலைவலி, படபடப்பு, புடவை நனையும் அளவுக்கு வியர்வை. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கி, "எனக்கு ஒண்ணுமில்லப்பா, காபி போடட்டுமா?" என்பார். 'டென்ஷன்' என்று சொல்லியே பல வருஷம் ஓட்டிவிட்டார்கள். தில்லைநகரில் பார்த்த ஹார்மோன் டாக்டர்தான், ஃபியோகுரோமோசைட்டோமா இல்லை என்று உறுதி செய்துகொள்வோம் என்றார். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் அபூர்வமாக வந்து, அட்ரினலின் போன்ற ஹார்மோன்களைக் கொட்டும் கட்டி அது.

லண்டனில் இப்படி ஒரு டாக்டரைப் பார்க்க ஜி.பி. (குடும்ப டாக்டர்) கடிதம் எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே போனில் டோக்கன் போட்டோம், அன்று மாலையே பார்த்தோம்.

தில்லைநகர் டாக்டர் எழுதிக் கொடுத்தது பிளாஸ்மா மெட்டாநெஃப்ரின் என்ற ரத்த டெஸ்ட். அட்ரினலினையே அளந்தால் என்ன என்று கேட்டேன். கட்டி அதை நினைத்த நேரத்தில்தான் கொட்டுமாம். ரத்தம் எடுக்கும்போது சும்மா இருந்தால் ஏமாந்துவிடுவோம். ஆனால் கட்டிக்குள்ளேயே அட்ரினலின் மெட்டாநெஃப்ரினாக மாறி எந்நேரமும் ரத்தத்தில் கசிந்துகொண்டிருக்கும். அதனால் இது சரியாக இருந்தால் அநேகமாகக் கட்டி இல்லை என்று சொல்லிவிடலாம். கூடியிருந்தால் மட்டும் அவசரப்பட்டு நம்பக் கூடாது என்றார்.

ஆப்பில் பதிவு செய்ததும் மறுநாள் விடிகாலையிலேயே லேப் பையன் வண்டியில் வந்து நின்றான். பார்கோடு ஒட்டினான், ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தான். சுகர் டெஸ்ட்டாக இருந்தால் ஐந்து நட்சத்திரம் போட்டிருப்பேன். அத்தை அப்போதுதான் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்திருந்தார். அவரை சோஃபாவில் உட்காரவைத்தே ரத்தம் எடுத்தான். கால் எரிச்சலுக்கு ராத்திரி போடும் அமிட்ரிப்டிலின் பற்றி ஆப்பும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் கையில் இருந்த சீட்டில் டெஸ்ட் பெயர் மட்டும்தான் இருந்தது.

ரிப்போர்ட்டில், இந்த டெஸ்ட் அளக்கும் இரண்டில் ஒன்றான நார்மெட்டாநெஃப்ரின் வரம்பைத் தாண்டி, தடித்த எழுத்தில். வீடு கலங்கிப்போயிற்று. இந்தக் கட்டி வருபவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பரம்பரைக் காரணம் உண்டு என்று படித்ததும் எனக்கும் அப்பாவுக்கும் சேர்த்தே பயம் பிடித்தது. உடனே ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார் மாமா.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "படுக்கவைத்து எடுத்தார்களா?" எழுந்து நடமாடினாலே நார்மெட்டாநெஃப்ரின் கூடும், அமிட்ரிப்டிலினும் கூட்டும். சி.டி. வேண்டாம் என்றார். வயதானவர்களில் பலருக்கு அட்ரீனலில் தொந்தரவில்லாத சின்னக் கட்டிகள் இருக்கும். முதலில் படம் எடுத்தால் அதைத் துரத்திக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

அவர் சொன்னபடி மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, சொன்ன இடைவெளி விட்டு, இந்தத் தடவை ஆஸ்பத்திரியிலேயே எடுத்தோம். நர்ஸ் கையில் வென்ஃப்ளான் (நரம்பிலேயே விட்டுவைக்கும் சின்ன ஊசிக்குழாய்) போட்டுவிட்டு, திரையை இழுத்து, லைட்டை அணைத்து, "பேசாம படுங்கம்மா" என்றார். அரை மணி நேரம். அத்தை குறட்டையே விட்டார். அப்புறம் திரும்பக் குத்தாமல் அதிலிருந்தே ரத்தம் எடுத்து, டியூபை ஐஸில் வைத்து உடனே கீழே லேபுக்கு அனுப்பினார்கள். சாம்பிள் வெளியூர் போய் ரிப்போர்ட் வரக் கொஞ்சம் தாமதமானது. இரண்டு அளவும் வரம்புக்குள்.

படபடப்புக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அடுத்து ஹோல்ட்டர் என்ற கருவியை மாட்டி இதயத் துடிப்பைப் பார்க்கப்போகிறார்கள்.

ஊரில் யாருக்காவது இந்த டெஸ்ட் எழுதியிருந்தால், பணம் கட்டும் முன் "கட்டில் இருக்கா? படுக்கவைத்து எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். எதுக்கு என்று திருப்பிக் கேட்டால் வேறு இடம் பாருங்கள். முதல் டெஸ்ட்டின் பணத்தைக் கேட்டு அந்த லேபின் கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். "சாம்பிள் நல்லாத்தானே சார் இருந்தது" என்றார்கள்.