பாரிங்கரா, லோணாரா?

விண்கல் மோதிய பள்ளத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள பாரிங்கர் பள்ளமா, மகாராஷ்டிராவின் லோணாரா?

பாரிங்கர் சுமார் 1.2 கிலோமீட்டர் அகலம், லோணார் சுமார் 1.8. ஆக, அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பாரிங்கர் உருவாகி ஏறத்தாழ 50,000 ஆண்டுகள்தான் ஆகின்றன, இடமும் வறண்டது, அதனால் விளிம்பு இன்னும் எழும்பியே நிற்கிறது. சுரங்கப் பொறியாளர் டேனியல் பாரிங்கர், பள்ளத்தின் அடியில் பெரிய இரும்புக் கல் புதைந்திருக்கிறது என்று நம்பி, 1903 முதல் பல ஆண்டுகள் பணத்தைக் கொட்டித் தோண்டினார், பாவம், கிடைக்கவே இல்லை. விண்கல் வரும் வேகத்தில் மோதும்போது கல்லின் பெரும்பகுதி உருகி, ஆவியாகி, சிதறிவிடும் என்பது அன்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. 1960இல், கடும் அழுத்தத்தில் உருவாகும் கோயசைட் என்ற கனிமம் அங்கே கிடைத்த பிறகுதான் பள்ளத்தை உண்டாக்கியது எரிமலையா, விண்கல்லா என்ற சண்டை அடங்கியது.

லோணாரில் விளிம்பை மரங்கள் மூடியிருக்கின்றன, நடுவே உப்பும் காரத்தன்மையும் கொண்ட ஏரி. 2020இல் அந்த நீர் இளஞ்சிவப்பாக மாறியது, உப்பை விரும்பும் நுண்ணுயிரிகள்தான் காரணம். சரி, இதன் சிறப்பு என்ன? தரை. பாரிங்கர் மணற்பாறையிலும் சுண்ணாம்புப் பாறையிலும் விழுந்த அடி. லோணாரோ எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் பாறையில் விழுந்தது. நிலவின் கரும்பரப்புகளும் பசால்ட்தான், அப்புறம் செவ்வாயிலும் அது ஏராளம். அதனால் அங்குள்ள பள்ளங்களைப் புரிந்துகொள்ள லோணாரின் கற்கள் நேரடியாக உதவுகின்றன.

வடிவத்தைப் பார்க்க பாரிங்கர். எனக்கு ஒன்றுதான் என்றால், லோணார்.