12.8 என்று காட்டினார்கள், நான் மைலேஜ் என்று நம்பினேன்: பழைய சொகுசு எஸ்யூவி வாங்கப் போகிறவர்களுக்கு

யூஸ்டு கார் ஷோரூமில் பெரிய பெட்ரோல் எஸ்யூவி பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என்னிடம் சொன்ன மைலேஜில் பாதிகூட வரவில்லை. அதைவிட, அந்த எண்ணை என்னிடம் காட்டிய விதம்தான் இதை எழுத வைக்கிறது. ஷோரூம் பெயரையும் வண்டியின் பெயரையும் எழுதவில்லை. விவகாரம் புகாராகப் போய்க்கொண்டிருக்கிறது.

எனக்குக் கோவை. இருபது வருடமாக டீசல் வண்டிகள்தான் ஓட்டினேன். பெரிய வண்டி ஒன்று வேண்டும் என்று நெடுநாள் ஆசை. 2019 மாடல், 4 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், இரட்டை டர்போ, 500 குதிரைத்திறனுக்கு மேல், 41,000 கிலோமீட்டர் ஓடியது. விலை 74 லட்சம். இந்த வண்டி பெட்ரோல் குடிக்கும் என்று தெரியாமல் நான் போகவில்லை. அதனால்தான் முதல் கேள்வியாகவே மைலேஜைக் கேட்டேன்.

விற்பனைப் பையன் வண்டியை ஆன் பண்ணி, திரையில் ஒரு பக்கத்தைத் திறந்தார். சராசரி 12.8. "பாருங்கண்ணா, முன்னாடி ஓனர் ஓட்டுன ஆவரேஜ். நாங்க சொல்லல, வண்டியே சொல்லுது" என்றார். எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அலகு இருந்திருக்கும். நான் எண்ணைத்தான் பார்த்தேன். அன்று மாலை வாட்ஸ்அப்பில் குரல் பதிவும் வந்தது: "சிட்டில பத்துக்குக் குறையாதுங்கண்ணா, ஹைவேல பன்னெண்டு கண்டிப்பா." அந்தப் பதிவை நான் அழிக்காமல் வைத்திருந்தது என் நல்ல நேரம்.

வியாழக்கிழமை டெலிவரி. அன்று இரவே டேங்க் நிரம்ப பெட்ரோல் போட்டு, பழக்கப்படி ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கினேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் ஊருக்குள் கோயில், சொந்தக்காரர் வீடு என்று 96 கிலோமீட்டர். ஞாயிறு விடியற்காலை குடும்பத்தோடு சென்னைக்குக் கிளம்பினோம். டேங்க் 85 லிட்டர், 12 கொடுத்தால் ஆயிரம் கிலோமீட்டர். போய்த் திரும்பும் வழியில் பாதி தூரம்வரை பங்க் பக்கமே போக வேண்டியதில்லை என்பது என் கணக்கு. உளுந்தூர்பேட்டை தாண்டும்போது முள் கால் பங்குக்கும் கீழே வந்துவிட்டது. திண்டிவனம் நெருங்கும்போது ரிசர்வ் விளக்கு எரிந்தது. டேங்கில் ஓட்டை, அல்லது குழாயில் கசிவு என்றுதான் நினைத்தேன். வண்டியை ஓரங்கட்டிக் குனிந்து அடியில் பார்த்தேன், தரை காய்ந்துதான் இருந்தது.

பங்கில் ஆட்டோ கட் ஆகும்வரை போட்டதில் 73.6 லிட்டர் ஏறியது. ட்ரிப் மீட்டரில் 482 கிலோமீட்டர். வகுத்தால் லிட்டருக்கு ஆறரை. ஆனால் திரையில் சராசரி 15.1 என்று நிற்கிறது! காலையிலிருந்து அந்த எண்ணைப் பார்த்து, ஷோரூமில் சொன்னதைவிட நன்றாகவே கொடுக்கிறது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். பின்சீட்டில் இருந்த அக்கா மகன் எட்டிப் பார்த்தான். அவன் ஜெர்மனியில் படித்துவிட்டு வந்தவன். "மாமா, இது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்னு இல்ல. நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்னு. இந்த நம்பர் ஏற ஏற மோசம்."

மெனுவுக்குள் போய் அலகை நம் ஊர் முறைக்கு மாற்றினான். 15.1 மறைந்து 6.6 வந்தது. ஷோரூமில் காட்டிய பக்கத்தைத் திறந்தோம். நான் மூன்று நாள் ஓட்டியதற்கு அது பெரிதாக மாறவில்லை, 7.7 என்று காட்டியது. எனக்குக் காட்டிய 12.8 என்பது உண்மையில் 7.8. நூறை அந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் நாம் சொல்லும் மைலேஜ். ஐரோப்பாவில் நூறு கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்றுதான் சொல்வார்கள். பெரிய பெட்ரோல் எஞ்சினுக்கு அந்தக் கணக்கில் வரும் 12, 13 என்ற எண், நம் காதுக்கு நல்ல மைலேஜ் போலவே கேட்கும். சிக்கனமான சின்னக் காருக்கு அது 5 என்று வரும், அதைக் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். ஏமாற வாய்ப்புள்ளது பெரிய வண்டிக்காரர்தான்.

அதற்கப்புறம் மூன்று மாதம் ஒவ்வொரு பில்லையும் நோட்டில் எழுதினேன். ஊருக்குள் 4.4. நெடுஞ்சாலையில் 90-இல் நிதானமாகப் போனால் 8.6. அதே சாலையில் 120-ஐத் தொட்டுப் போனால் 6.8. எல்லாம் சேர்த்து 5.7. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். சொன்ன 12 வந்திருந்தால் 125 லிட்டர் போதும். இப்போது 263 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 13,800 ரூபாய் கூடுதல், வருடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். 74 லட்சம் கொடுத்தவனுக்கு இது பெரிய தொகையா என்று இரண்டு பேர் என்னிடமே கேட்டுவிட்டார்கள். கடன் வாங்கி, மாதச் செலவைக் கணக்குப் போட்டு வாங்கியவனுக்கு இது பெரிய தொகைதான். தவிர, வாங்குகிறவனுக்கு வசதி இருக்கிறது என்பதால் அவனிடம் பொய் சொல்லலாம் என்று ஆகிவிடாது.

வண்டியில் கோளாறு இருக்குமோ என்று வேறொரு பட்டறையில் முழுக்கச் சோதித்தேன். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் ப்ளக், இஞ்செக்டர், ஆக்சிஜன் சென்சார், டயர் காற்று, எதிலும் குறையில்லை. "இந்த எஞ்சினுக்கு இதுதாங்க வரும்" என்றார் மெக்கானிக். ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது.

வண்டியும் ஆட்களும் சேர்ந்து 2,300 கிலோ. அதை நின்ற இடத்திலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோக மட்டும் ஏறக்குறைய 25 முதல் 30 மில்லி பெட்ரோல் ஆகிறது. அடுத்த சிக்னலில் பிரேக் பிடித்தால் அந்த வேகம் முழுவதும் டிஸ்க்கில் சூடாகப் போய்விடும். காந்திபுரத்திலிருந்து உக்கடம்வரை எத்தனை முறை நின்று கிளம்புகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். ஏசியோடு சும்மா நிற்கும்போதும் எட்டு சிலிண்டரும் மணிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் எடுக்கும். நெடுஞ்சாலையில் எதிரி காற்று. உயரமும் அகலமுமான வண்டி. 80-லிருந்து 120-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்குதான், காற்றின் எதிர்ப்போ இரண்டேகால் மடங்கு. அந்தக் காற்றைத் தள்ளத் தேவைப்படும் திறன் மூன்று மடங்குக்கு மேல். அகல டயர், நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் அமைப்பு, இவையும் தம் பங்குக்கு எடுத்துக்கொள்ளும். மிதமாக ஓட்டும்போது நான்கு சிலிண்டரை நிறுத்திவைக்கும் வசதி இந்த எஞ்சினில் இருக்கிறது. சமதளத்தில், சீரான வேகத்தில் அது உதவுகிறது. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது அது வேலைக்கே வராது.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான ஆற்றல்தான் இருக்கிறது. ஆகவே கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு 6, 7 சதவீத ஆற்றல் குறைவு. 2019-இல் ஒருவர் எழுதிய மைலேஜை இன்று அப்படியே எதிர்பார்க்க முடியாது.

ஷோரூமுக்குப் போய்க் கேட்டபோது மேலாளர் ஒரு தாளை நீட்டினார். அதே வண்டியின் ஏஆர்ஏஐ (நம் நாட்டில் வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) மைலேஜ், இரட்டை இலக்கம். உற்றுப் பார்த்தால் அது 3 லிட்டர் டீசல் மாடலுக்கான எண். டீசலில் ஒரு லிட்டரில் ஆற்றலும் அதிகம், எஞ்சினின் செயல்திறனும் அதிகம். இரண்டையும் ஒன்றாகப் பேசவே முடியாது. சரி, பெட்ரோல் மாடலுக்கான சான்று எண்ணையே காட்டியிருந்தாலும் அது நம் சாலைக்கு உரியதல்ல. அந்தச் சோதனையில் வண்டி சாலையில் இல்லை, ஆய்வகத்தில் ரோலர்மேல்தான் ஓடுகிறது. உச்ச வேகம் 90. ஏசி அணைந்திருக்கும். 0-விலிருந்து 50-ஐத் தொட 26 விநாடி எடுத்துக்கொள்ளும் பகுதியும் அதில் உண்டு. 100-ஐ நாலரை விநாடியில் தொடும் வண்டியை வாங்குகிறவர் யாரும் அப்படி ஓட்டப்போவதில்லை. ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபி சோதனை 131 கிலோமீட்டர் வேகம்வரை போகிறது, அதன் எண் நிஜத்துக்குக் கொஞ்சம் நெருக்கம். ஆனால் அது நூறு கிலோமீட்டருக்கு லிட்டர் கணக்கு. மறுபடியும் நூறை வகுத்துத்தான் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டு யூடியூப் விமர்சனங்களிலும் இதே குழப்பம் உண்டு. காலனுக்கு 20 மைல் என்று அமெரிக்கர் சொன்னால் நம் கணக்கில் 8.5. பிரிட்டிஷ்காரர் அதையே சொன்னால் 7.1, ஏனென்றால் அவர்கள் காலன் பெரியது.

இன்னொன்றையும் நான் தப்பாகவே கணக்குப் போட்டு வந்திருக்கிறேன். ஊருக்குள் 4.4, வெளியே 8.6 என்றால் சராசரி ஆறரை வரும் என்று தோன்றும். இரண்டிலும் ஒரே தூரம் ஓட்டினால் வருவது 5.8-தான். மோசமாக ஓடும் கிலோமீட்டர்தான் அதிக லிட்டரைத் தின்கிறது. பாதிக்கு மேல் ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர், வண்டி வாங்கும்போது ஹைவே எண்ணைக் கேட்கவே வேண்டாம்.

நான் செய்திருக்க வேண்டியது இதுதான். திரையில் அலகை நாமே மாற்றிப் பார்க்க வேண்டும், அதற்கு அரை நிமிடம் போதும். அப்புறம் டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலில் ஐந்து கிலோமீட்டரோடு முடிக்கக் கூடாது. நம் காசில் டேங்க்கை ஆட்டோ கட் வரை நிரப்பி, நாம் தினமும் போகும் வழியில் ஏசியோடு ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்கில் அதே நாசிலில் திரும்ப நிரப்பி வகுக்க வேண்டும். இவ்வளவு குறைந்த தூரத்தில் துல்லியம் வராது. ஆனாலும் 12 வருமா, 5 வருமா என்பது தெரிந்துவிடும். ஷோரூம்காரர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வெளியே வந்துவிடுங்கள். சர்வீஸ் புத்தகத்தில் பழைய உரிமையாளர் எந்த ஊரில் ஓட்டினார் என்பதையும் பாருங்கள். பைபாஸில் மட்டும் ஓடிய வண்டியின் சராசரி உங்களுக்கு உதவாது.

எழுத்தில் இல்லாத வாக்குறுதிக்கு என்ன செய்ய முடியும் என்று மேலாளர் என்னிடம் கேட்டார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், முறையற்ற வணிக நடைமுறை என்பதற்குள் வாயால் சொன்ன பொய்யும் வருகிறது. குரல் பதிவு இருந்தால் இன்னும் நல்லது. கொடுத்த தொகை 50 லட்சத்தைத் தாண்டி 2 கோடிக்குள் இருந்தால் மாநில ஆணையம், 50 லட்சம்வரை மாவட்ட ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். முதலில் தேசிய உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன், பிறகு வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். அலகை மாற்றி வைத்தது ஷோரூமா, பழைய உரிமையாளரா என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை என்பதை வக்கீலிடம் சொல்லியே கொடுத்தேன். பழைய உரிமையாளராகத்தான் இருக்கும் என்று போன வாரம்வரை நானும் நினைத்தேன்.

போன வாரம் இரண்டாவது சாவியை வாங்க அந்த ஷோரூமுக்குப் போக வேண்டியிருந்தது. உள்ளே வேறொரு கம்பெனியின் பெட்ரோல் எஸ்யூவி நின்றது. கைக்குழந்தையோடு ஒரு தம்பதி, திருப்பூர்க்காரர்கள், அதற்குள் உட்கார்ந்திருந்தார்கள். அதே பையன், திரையில் 13.4-ஐ விரலால் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் பக்கம் போய், "தம்பி, அந்த மெனுவைத் திறந்து அலகை மாத்திப் பாருங்க" என்றேன். பையன் எதுவும் பேசவில்லை. கணவர் தேடிக் கண்டுபிடித்து மாற்றினார். 7.5 என்று வந்தது. அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கிவிட்டார். இரண்டு திரையின் படத்தையும் அவர்களிடமிருந்து வாங்கி அன்றைக்கே வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன்.