"சின்ன மாத்தம்தான் சார்": பிளான் அப்ரூவலுக்குப் பிறகு வீடு கட்டுபவர்கள் ஏமாறும் இடம்

கடலூர், புதுச்சேரி பக்கம் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த லோடை இறக்குங்கள்.

தேவனாம்பட்டினம் பக்கம் ஒரு வீடு. ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கில் (பீம், கம்பி கணக்குப் போட்ட வரைபடம்) மாடிச் சுவருக்கு 8 இன்ச் ஏஏசி பிளாக், அதாவது காற்றறை நிறைந்த லேசான கான்கிரீட் கல். மாடி வேலை தொடங்கும் நேரத்தில் கான்ட்ராக்டர் போன் செய்கிறார்: "ஏஏசி வர 15 நாள் ஆகும் சார். சாலிட் பிளாக் (ஓட்டையில்லாத கான்கிரீட் கல்) போட்டுடலாம். அதே 8 இன்ச்தான், இன்னும் ஸ்ட்ராங். அப்ரூவலுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல." வீட்டுக்காரரும் சரி என்றுவிட்டார். பூச்சு முடிந்து சில வாரத்தில் ஹால் பீமின் அடியில், நட்டநடுவே, மயிர்க்கோடாக விரிசல். மாடிக் கதவு நிலையில் பிடிக்க ஆரம்பித்தது. பட்டி வைத்து மூடினார்கள். பெயின்ட்டுக்கு மேலும் அதே கோடு வந்து நின்றது. இதில் சிமென்ட் கலவை கூடுதல் என்று எக்ஸ்ட்ரா பில் வேறு.

கணக்கைப் பாருங்கள். ஏஏசி கனமீட்டருக்கு 650 கிலோ, சாலிட் பிளாக் சுமார் 2000 கிலோ. 10 அடி உயரச் சுவர் 12 அடி நீள பீமின்மேல் உட்கார்ந்தால் ஏஏசியில் ஏறக்குறைய 1.5 டன், சாலிட் பிளாக்கில் 4.5 டன். அந்த ஒரு பீமுக்கு மட்டும் 3 டன் அதிகம். அந்த பீமில் போட்ட கம்பி அந்த எடைக்குக் கணக்கிட்டதே இல்லை.

"அப்ரூவலுக்குப் பிரச்சினை இல்லை" என்று சொன்னது பொய்யும் இல்லை. மாநகராட்சியிலும் நகர அமைப்புக் குழுமத்திலும் முக்கியமாகப் பார்ப்பது பரப்பு, உயரம், சுற்றிலும் விட்ட காலியிடம். சுவருக்குள் என்ன கல் என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. கேட்கவேண்டிய ஆள் டிராயிங் போட்ட ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். அவரிடம்தான் கேட்காமல் விடுகிறார்கள்.

கம்பியிலும் இதே கதை. 12 எம்எம் கிடைக்கவில்லை, 10 எம்எம் போட்டு ஒரு கம்பி சேர்த்துக் கட்டிவிட்டேன் என்பார்கள். பத்து 12 எம்எம் கம்பிக்கு ஈடாக 10 எம்எம்மில் 15 கம்பி வேண்டும். அத்தனையும் அந்த பீமின் அகலத்தில் ஜல்லி இறங்க இடம்விட்டு நிற்குமா என்பதையும் இன்ஜினியர்தான் சொல்லவேண்டும். பிராண்ட் மாற்றினால் ஒரு கம்பியை எடை போடுங்கள். 12 மீட்டர் நீள 12 எம்எம் கம்பி 10.66 கிலோ இருக்கவேண்டும். 10 கிலோவுக்குக் கீழே போனால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

கடற்கரை ஓரத்தில் இன்னொன்று. உப்புக்காற்று நேராகப் படும் கான்கிரீட்டுக்கு இந்தியக் கான்கிரீட் தரவிதியான ஐஎஸ் 456 கேட்பது குறைந்தது எம்30 (கான்கிரீட்டின் வலிமைத் தரம்), கம்பிக்கு வெளியே 45 எம்எம் கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் தடிமன். டிராயிங்கில் எழுதியிருப்பார்கள், சைட்டில் அது எம்20 கைக்கலவையாகி, அந்த இடைவெளிக்குக் கம்பியடியில் வைக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லிக்கல் ஆகிவிடும். கான்கிரீட் போட்ட பிறகு இதைக் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட்டைப் பிளந்து வெளியே வரும்போதுதான் தெரியும். 1000 சதுர அடி, 5 இன்ச் ஸ்லாப் என்றால் சுமார் 12 கனமீட்டர். அதற்கு இரண்டு சாம்பிள், ஆறு கியூப் (வலிமை சோதிக்கும் கான்கிரீட் கட்டி) கட்டாயம் எடுக்கச் சொல்லுங்கள்.

சாதா சிமென்ட்டான ஓபிசிக்குப் பதில் சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட் என்றால் பயப்படவேண்டாம், உப்புக்கு நல்லதுதான். ஆனால் தண்ணீர் 7 நாளோடு நிறுத்தக்கூடாது, 10 நாளாவது விடவேண்டும். சென்ட்ரிங்கையும் அவசரப்பட்டுப் பிரிக்கக்கூடாது.

வெளிச்சுவரில் கல் பதிப்பது அழகு வேலை என்று நினைப்பீர்கள். கல்லும் கலவையும் சேர்ந்து 5 செ.மீ. வெளியே வரும். காலியிடத்தை விதி கேட்கும் அளவுக்கு ஒட்டியே விட்டிருந்தால் அந்த 5 செ.மீ. மீறலாகக் கணக்காகும். புதுவையின் பழைய நகரமான பூல்வார் பகுதிக்குள் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடு என்றால் முகப்பைத் தொடும்முன் நகர அமைப்புக் குழுமத்தில் எழுத்தில் கேளுங்கள். சுண்ணாம்புப் பூச்சை உரித்துச் சிமென்ட் பூசினால் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து உதிரும்.

எந்த மாற்றமானாலும் லோடு வருவதற்கு முன் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: எந்தப் பொருளுக்குப் பதில் எது, எந்தத் தளம், எந்தச் சுவர், எவ்வளவு, ரேட்டில் கூட்டலா கழித்தலா. கீழே இன்ஜினியர், கான்ட்ராக்டர், நீங்கள் மூவரும் கையெழுத்து. போனில் "சரி" சொல்லாதீர்கள். லோடு சலான், கம்பியின் டெஸ்ட் சர்டிபிகேட், கவர் பிளாக் தெரியும்படி கான்கிரீட்டுக்கு முந்தைய போட்டோ, இவையெல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

ஃபிளாட் வாங்கியவர்களுக்கு 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-ஆம் பிரிவு இருக்கிறது. ஒப்புக்கொண்ட பொருளை உங்கள் சம்மதமின்றி பில்டர் மாற்றமுடியாது. கட்டமைப்புக் குறையை, ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் சொன்னால் இலவசமாகச் சரிசெய்யவேண்டும். தனி வீட்டுக்காரர்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஆனால் பிரச்சினை எழுந்த 2 ஆண்டுக்குள். விரிசலுக்குப் பட்டி வைக்க விடும்முன், பக்கத்தில் ஸ்கேல் வைத்துத் தேதியோடு படம் எடுத்துவிடுங்கள்.